வில்லி பிராண்ட் பதவிய விட்டது ஒரு உளவாளியாலயா? கொஞ்சம் நீளமான பதில்

நீங்க கேட்டது பாக்க ஒரு வரி கேள்விதான். நோபல் பரிசு வாங்கின மேற்கு ஜெர்மன் சான்சலர் (நம்ம ஊர் பிரதமர் மாதிரி) வில்லி பிராண்ட், ஆபீஸ்ல ஒரு ஸ்பை பிடிபட்டான்ங்கிறதுக்காக 1974ல எதுக்கு ராஜினாமா பண்ணணும், இது கிழக்கு ஜெர்மனி போட்ட ப்ளானா, அவர் அரசியல் அதோட முடிஞ்சுதா அப்படின்னு. ஆனா இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. அந்த உளவாளி இல்லன்னா பிராண்ட் தாக்குப் பிடிச்சிருப்பாரா, அது ஒண்ணு. அவர தள்ளிவிட்டது யாரு, அது ரெண்டாவது. 1945க்கு அப்புறம் உள்ள ஐரோப்பிய வரலாற பல வருஷமா காலேஜ்ல பாடம் எடுத்துட்டு வர்றேன், பசங்க வருஷா வருஷம் கேக்குற கேள்வியும் இதுதான், அதனால எது உறுதி எது சந்தேகம்னு பிரிச்சு சொல்றேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், நான் ஸ்டாசி, அதாவது கிழக்கு ஜெர்மன் ரகசிய போலீஸோட ஆவணக்காப்பகத்துல உக்காந்து ஃபைல் புரட்டினவன் இல்ல, வெளிவந்த ஆவணங்கள், சம்பந்தப்பட்டவங்க எழுதி வச்சது, கோர்ட்ல வந்தது, இத வச்சுதான் பேசறேன்.

சுருக்கமா என் பதில்: உளவாளி ஒரு சாக்கு, காரணம் இல்ல. 1972 நவம்பர்ல உச்சத்துக்கு போன மனுஷன் அடுத்த பதினெட்டு மாசத்துல உடம்பாலயும் மனசாலயும் கட்சிக்குள்ளயும் தனியாளா ஆயிட்டாரு, அந்த நேரம் பாத்து அந்த உளவாளி கியுன்டர் கியோம் பிடிபட்டான். அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு, அவர் பொறப்புலேர்ந்தே தொடங்குது, அத சொல்லாம மே 1974 புரியாது.

பிராண்ட் 1913 டிசம்பர் 18ல லூபெக்ல பொறந்தப்ப அவர் பேரு ஹெர்பர்ட் ஃப்ராம். அம்மா கூட்டுறவு கடைல விற்பனையாளர், கல்யாணம் ஆகல, அப்பாவ அவர் வாழ்நாள்ல பாத்ததே இல்ல. லாரி ஓட்டுன தாத்தாதான் வளத்தாரு. படிக்கிற காலத்துலயே சோசலிஸ்ட் கட்சிப் பையன், 1933ல ஹிட்லர் வந்ததும் வில்லி பிராண்ட்னு பேர மாத்திக்கிட்டு ஒரு மீன்பிடி படகுல டென்மார்க் போயி அங்கேர்ந்து நார்வே. அப்ப வயசு 19. அங்கேர்ந்து 1936ல ஒரு நார்வே மாணவனோட பேர்ல பெர்லினுக்குள்ளயே திரும்பி வந்து தலைமறைவா வேலை பாத்தாரு, அதுக்கு அடுத்த வருஷம் ஸ்பெயின் போர்ல பத்திரிகையாளர், 1938ல நாஜி அரசு குடியுரிமைய பறிச்சுடுச்சு. 1940ல ஜெர்மன் படை நார்வேக்குள்ள நுழைஞ்சப்ப தான் ஜெர்மன்காரன்னு தெரிஞ்சா தலை போயிடும்னு நார்வே ராணுவ யூனிஃபார்ம மாட்டிக்கிட்டு போர்க்கைதியா பிடிபட்டாரு, யாரும் அடையாளம் கண்டுபிடிக்கல, விட்டுட்டாங்க, ஸ்வீடனுக்கு ஓடிட்டாரு. போர் முடிஞ்சு நியூரம்பெர்க் விசாரணைய ஸ்காண்டிநேவிய பத்திரிகைகளுக்கு எழுத வந்தவர்தான் அப்புறம் 1948ல ஜெர்மன் குடியுரிமைய திரும்ப வாங்கினாரு.

இப்ப யோசிங்க, இந்த வாழ்க்கைய நாம பாத்தா தியாகம்ங்கிறோம். அம்பதுகள்ல அறுபதுகள்ல மேற்கு ஜெர்மனில பாதிப் பேரு அத துரோகம்னு பாத்தாங்க. உள்ளயே இருந்து நாஜி கட்சி அட்டை வச்சிருந்தவங்க நிம்மதியா பதவில இருந்தாங்க, வெளிய போயி எதிர்த்தவர் மேல சந்தேகம். மேற்கு பெர்லின் மேயரா இருந்த பிராண்ட் சான்சலர் வேட்பாளரா நின்ன 1961 தேர்தல்ல, பாதுகாப்பு அமைச்சர் ஃப்ரான்ஸ் யோசஃப் ஸ்ட்ராவுஸ் மேடைல கேட்டது, அந்த பன்னெண்டு வருஷம் வெளிய இருந்து நீங்க என்ன பண்ணீங்க, நாங்க உள்ள என்ன பண்ணோம்னு எங்களுக்கு தெரியும்னு. பெர்லின் சுவர் எழும்பின மறுநாள், 1961 ஆகஸ்ட் 14, சான்சலர் அடனாவர் ரெகன்ஸ்பர்க் கூட்டத்துல அவர 'பிராண்ட் என்கிற ஃப்ராம்'னு குறிப்பிட்டாரு. அதாவது அப்பன் பேர் தெரியாதவன், பேர மாத்தின ஆளுன்னு ஜாடையா சொல்றது. அதே நேரத்துல பிராண்ட் என்ன பண்ணிட்டு இருந்தாரு? தேர்தல் பிரசார ரயில்ல தூங்கிட்டு இருந்தவர ஹனோவர்ல எழுப்பி விஷயத்த சொன்னாங்க, அங்கேயே இறங்கி ப்ளேன் பிடிச்சு பெர்லின் போயி, மேயரா கொந்தளிச்ச ஊர அடக்கிட்டு இருந்தாரு. இந்த தனிப்பட்ட சேறு 1961லயும் வந்துச்சு, 1965 தேர்தல்லயும் வந்துச்சு. 1965ல தோத்ததும் இனி சான்சலர் வேட்பாளரா நிக்கவே மாட்டேன்னு சொல்லிட்டு பெர்லின் போயிட்டாரு. இத மனசுல வச்சுக்கோங்க, கடைசில தேவைப்படும்.

1966ல ரெண்டு பெரிய கட்சியும் சேந்து கூட்டணி ஆட்சி, நாஜி கட்சில இருந்த கீசிங்கர் சான்சலர், நாஜிகளுக்கு பயந்து ஓடின பிராண்ட் வெளியுறவு அமைச்சர். 1969 அக்டோபர் 21ல பிராண்டே சான்சலர் ஆனாரு, தேவைப்பட்டது 249 ஓட்டு, கிடைச்சது 251. இவ்வளவு மெல்லிசான மெஜாரிட்டிய வச்சுக்கிட்டுதான் கிழக்கு நாடுகளோட சமரசம்ங்கிற பெரிய வேலைல கைய வச்சாரு. 1970 மார்ச் 19 எர்ஃபுர்ட்ல கிழக்கு ஜெர்மன் பிரதமர் வில்லி ஷ்டோஃப சந்திக்க போனப்ப கூட்டம் போலீஸ மீறி ஹோட்டல் முன்னாடி வந்து, வில்லி பிராண்ட் ஜன்னலுக்கு வரணும்னு கத்துச்சு. ரெண்டு பேருக்கும் பேரு வில்லிங்கிறதால பிராண்ட்னு சேத்து கத்துனாங்க. அவர் ஜன்னல்ல நின்னு கைய கீழ தாழ்த்தி அமைதியா இருங்கன்னு சைகை காட்டினாரு, தான் போனதும் இவங்கதான் ஜெயிலுக்கு போவாங்கன்னு அவருக்கு தெரியும். ஆகஸ்ட்ல மாஸ்கோ ஒப்பந்தம், டிசம்பர் 7ல வார்சா ஒப்பந்தம். அன்னிக்குதான் வார்சா யூத கெட்டோ நினைவுச் சின்னத்துக்கு முன்னாடி மலர்வளையத்தோட ரிப்பன சரி பண்ணிட்டு ரெண்டு அடி பின்னால வந்து, ஈரமா இருந்த கல்தரைல அப்படியே முட்டி போட்டுட்டாரு. ஒரு வார்த்தை பேசல. அந்தக் குற்றத்துல துளி பங்கு இல்லாத, நாஜிய எதிர்த்து ஓடின ஆளு, பங்கு இருந்தவங்களுக்காக முட்டி போட்டாரு. ஸ்பீகல் பத்திரிகை எடுத்த கருத்துக் கணிப்புல 48 சதவீதம் இது ஓவர்னு சொன்னாங்க, 41 சதவீதம் சரின்னாங்க. வெளிநாட்டுல அவ்வளவு புகழ், 1971ல நோபல் அமைதிப் பரிசு, உள்ளூர்ல நாடு ரெண்டா நின்னுச்சு.

ஒப்பந்தம் பிடிக்காம கூட்டணி எம்பிங்க ஒவ்வொருத்தரா எதிர்க்கட்சிக்கு தாவ ஆரம்பிச்சாங்க. 1972 ஏப்ரல் 27ல எதிர்க்கட்சித் தலைவர் ரைனர் பார்ட்செல் நம்பிக்கையில்லா தீர்மானம் கொண்டு வந்தாரு. ஜெர்மன் அரசியல் சட்டப்படி ஆள சும்மா இறக்க முடியாது, அதே ஓட்டுல புது சான்சலர தேர்ந்தெடுத்தாகணும், அதுக்கு 249 வேணும். எண்ணிப் பாத்தா பார்ட்செலுக்கு ஓட்டு இருக்கு, எல்லாரும் பிராண்ட் கதை முடிஞ்சதுன்னு நெனச்சாங்க. ரகசிய ஓட்டு, ரிசல்ட் 247. ரெண்டு ஓட்டு குறைவு, அதுவும் அவங்க பக்கத்து ஆளுங்களே போடல. இதுல உறுதியானது என்னன்னா, எதிர்க்கட்சி எம்பி யூலியுஸ் ஷ்டைனர் 1973ல தான் 50,000 மார்க் வாங்கினேன்னு சொன்னான், யார்கிட்டேர்ந்துங்கிறதுல சண்டை இருந்துச்சு, பிற்பாடு கிழக்கு ஜெர்மன் வெளிநாட்டு உளவுத் தலைவர் மார்க்குஸ் வோல்ஃப், குடுத்தது நாங்கதான்னு ஒத்துக்கிட்டாரு. ரெண்டாவது ஆள் பவேரியாவோட சிஎஸ்யு கட்சி எம்பி லியோ வாக்னர்னு ஸ்டாசி ஆவணங்கள் காட்டுது, அது பலமான சந்தேகம், ஆனா அவர் கடைசி வரைக்கும் மறுத்தாரு. ஆக பிராண்ட் பதவில இருக்கணும்னு கிழக்கு ஜெர்மனி காசு செலவு பண்ணிருக்கு. அவர் கவிழ்ந்தா ஒப்பந்தம் கவிழும், அவங்களுக்கு ஒப்பந்தம் வேணும். அதே நேரத்துல அதே உளவுத்துறையோட ஆள் அவர் ஆபீஸ்லயே உக்காந்திருந்தான். பிள்ளையையும் கிள்ளி தொட்டிலையும் ஆட்டுறதுன்னா இதான்.

அதனால கிழக்கு ஜெர்மனி ப்ளான் பண்ணி கவுத்துச்சாங்கிற கேள்விக்கு என் பதில் இல்லைங்கிறதுதான். வோல்ஃபும் பின்னாடி இது எங்களுக்கே நஷ்டம், தப்புதான்னு எழுதினாரு. அவர் தன்ன காப்பாத்திக்க சொல்லிருக்கலாம்னு வாதாடலாம், ஆனா 1972ல அவங்க செஞ்சத வச்சு பாத்தா அந்த பேச்சு பொருந்துது. 1956ல கியோமும் பொண்டாட்டி கிறிஸ்டலும் அகதிங்கன்னு ஃபிராங்க்ஃபர்ட் வந்தாங்க, மாமியார் பேர்ல காப்பி புகையிலைக் கடை, கட்சில சேந்து உழைச்சு உழைச்சு மேல வந்தாங்க. 1970ல சான்சலர் அலுவலகத்துல தொழிற்சங்கத் தொடர்பு வேலை. சேக்கும்போதே பழைய சந்தேகம் ஒண்ணு வந்துச்சு, பிராண்டோட நெருங்கின ஆலோசகர் ஏகோன் பார் இந்த ஆளால ரிஸ்க் இருக்குன்னு குறிப்பே எழுதினாரு, சான்சலர் அலுவலகத் தலைவர் ஏம்கே கூப்பிட்டு குறுக்கு விசாரணை பண்ணாரு, அவன் அசராம பதில் சொல்லிட்டான், விட்டுட்டாங்க. 1972 கடைசில கட்சி வேலைக்கான நேரடி உதவியாளர். பிராண்டுக்கு அவன பெருசா பிடிக்காதுன்னுதான் கூட இருந்தவங்க எல்லாம் சொல்றாங்க, சலிப்பான ஆளு ஆனா வேலை நறுக்குன்னு செய்வான்னு.

அவன எப்படி கண்டுபிடிச்சாங்கங்கிறது எனக்கு எப்பவும் ஆச்சரியமான விஷயம். அம்பதுகள்ல கிழக்கு பெர்லின் தன் ஆளுங்களுக்கு ரேடியோல ரகசிய எண்ல செய்தி அனுப்பும், மேற்கு ஆளுங்க அத பின்னாடி உடைச்சு வச்சிருந்தாங்க. அதுல பிறந்தநாள் வாழ்த்து, அப்புறம் 1957ல பையன் பொறந்ததுக்கு ஒரு வாழ்த்து. 1973 ஆரம்பத்துல ஒரு உளவுத்தடுப்பு அதிகாரி வேற வேற கேஸ்ல கியோம் பேரு திரும்ப திரும்ப வர்றத கவனிச்சு, அந்த வாழ்த்து தேதிங்களோட குடும்பத்துல உள்ள பிறந்தநாளெல்லாம் ஒட்டிப் பாத்தா பொருந்திடுச்சு. சொந்த ஏஜென்டுக்கு அன்பா அனுப்பின பிறந்தநாள் வாழ்த்து பதினஞ்சு வருஷம் கழிச்சு அவன மாட்டிவிட்டுச்சு.

இங்கதான் பெரிய தப்பு நடக்குது, இதுல சந்தேகமே இல்ல. 1973 மே 29ல உளவுத்தடுப்புத் தலைவர் நொல்லாவ் உள்துறை அமைச்சர் கென்ஷர்கிட்ட சொல்றாரு, கென்ஷர் பிராண்ட்கிட்ட சொல்றாரு. கோர்ட்டுக்கு ஆதாரம் பத்தாது, அவன அப்படியே அதே சீட்ல விட்டுவைங்க, கண்காணிச்சு பிடிக்கிறோம்னு ஆலோசனை. பிராண்டும் சரின்னுட்டாரு. ஒரு நாட்டோட தலைவரையே தூண்டில் புழுவா வச்சாங்க. அதோட விட்டாங்களா, அந்த ஜூலைல நார்வேல ஹமார் பக்கத்துல உள்ள வீட்டுக்கு பிராண்ட் லீவுல போறப்ப கூடப் போனது கியோம், குடும்பத்தோட. அப்போதைய தலைநகர் பான்லேர்ந்து வர்ற டெலக்ஸ் (தந்தி மாதிரி) செய்திங்கள, நிக்சன் எழுதின நேட்டோ சம்பந்தமான கடிதம் உட்பட, கைல வாங்கி பிராண்ட்கிட்ட கொண்டு குடுத்தது அவன். அந்தக் காகிதமெல்லாம் கிழக்கு பெர்லின் போய் சேந்துச்சாங்கிறதுல மட்டும் ஒரு தகராறு இருக்கு, வோல்ஃப் எங்க கைக்கு வரவே இல்லைன்னாரு, கியோம் பெருமையா வேற மாதிரி எழுதினான். நான் இதுல எந்தப் பக்கமும் அடிச்சுப் பேச மாட்டேன். ஆனா அவன் கைல அது கிடைச்சதுங்கிறது கோர்ட்ல நிரூபணம் ஆன விஷயம்.

உளவாளி கதைய இங்க கொஞ்சம் நிறுத்திட்டு பிராண்டுக்கு என்ன ஆச்சுன்னு பாக்கணும், ஏன்னா பெரும்பாலான வீடியோக்கள், கட்டுரைகள் இந்த இடத்த தாண்டி ஓடிடுது. 1972 நவம்பர் 19 தேர்தல், 91.1 சதவீதம் பேர் ஓட்டு போட்டாங்க, பிராண்டோட சோசியல் டெமாக்ரட் கட்சி எஸ்பிடிக்கு 45.8 சதவீதம், முதல் தடவையா நாட்டுலயே பெரிய கட்சி. ஜெயிச்ச கையோட தொண்டைல ஆபரேஷன், டாக்டர் பேசக்கூடாதுன்னுட்டாரு, சிகரெட்டும் கூடாது. கூட்டணிப் பேச்சுவார்த்தைய, பிற்பாடு சான்சலர் ஆன ஹெல்முட் ஷ்மிட்டும் பார்லிமென்ட் குழுத் தலைவர் ஹெர்பர்ட் வேனரும் நடத்தினாங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து பிராண்ட் தன் கைப்பட எழுதி அனுப்பின குறிப்ப வேனர் பைல வச்சு மறந்துட்டேன்னாரு. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், ஆனா அமைச்சரவை அவர் நெனச்ச மாதிரி அமையல, அவருக்கு நெருக்கமான ஏம்கே சான்சலர் அலுவலகத்த விட்டு போயிட்டாரு. 1973 செப்டம்பர்ல பிராண்ட் அமெரிக்கால இருக்கப்ப மாஸ்கோ போன வேனர் பத்திரிகைக்காரங்க முன்னாடியே, ஐயாவுக்கு வெதுவெதுன்னு குளிக்கத்தான் பிடிக்கும், அரசாங்கத்துக்கு தலைதான் இல்லைங்கிற மாதிரி பேசினாரு. வேற யாரா இருந்தாலும் திரும்பி வந்ததும் வேனர தூக்கிருப்பாங்க. பிராண்ட் தூக்கல. என்னப் பொறுத்தவரைக்கும் அவர் பதவி அன்னிக்கே ஆட்டம் கண்டுடுச்சு. அப்புறம் எண்ணெய் நெருக்கடி, ஞாயித்துக்கிழமைல கார் ஓட்ட தடை, 1974 பிப்ரவரில அரசு ஊழியர் வேலைநிறுத்தம், குப்பை அள்ள ஆளில்லாம கடைசில 11 சதவீத சம்பள உயர்வுக்கு இறங்கி வந்தாங்க, பத்து சதவீதத்துக்கு மேல முடியாதுன்னு பிராண்ட் வெளிப்படையா சொல்லிருந்தாரு. மார்ச்ல ஹாம்பர்க் தேர்தல்ல சரியான அடி. இது போக அவருக்கு அப்பப்ப மனச்சோர்வு வந்து நாலஞ்சு நாள் ரூம விட்டு வெளிய வராம இருப்பாரு, வெளில சளிக்காய்ச்சல்னு சொல்லுவாங்க.

1974 ஏப்ரல் 24 காலைல கியோம் வீட்டுக் கதவ தட்டினாங்க. குளியல் அங்கியோட வந்து நின்னவன், நான் கிழக்கு ஜெர்மன் குடிமகன், அதோட அதிகாரி, அத மதிச்சு நடந்துக்கங்கன்னுட்டான். அதுவரைக்கும் கைல இருந்த ஆதாரம் மெலிசு, அவன் வாய மூடிட்டு இருந்திருந்தா கேஸ் நின்னிருக்குமாங்கிறதே சந்தேகம். அன்னிக்கு கெய்ரோலேர்ந்து வந்து இறங்கின பிராண்டுக்கு ஏர்போர்ட்ல வச்சே தகவல். மொதல்ல அவர் ராஜினாமா பத்தி நெனைக்கவே இல்ல. அப்புறம் போலீஸ் அவரோட பாதுகாவலர்கள விசாரிச்சது. பிரசார ரயில்ல யாரு வந்தாங்க, எந்தப் பொண்ணுங்க, கியோமுக்கு என்ன தெரியும்னு ஒரு அறிக்கை. அதுல எவ்வளவு நிஜம் எவ்வளவு வதந்திங்கிறது இன்னிக்கும் தெளிவா இல்ல, பிராண்டே பாதிக்கு மேல கற்பனைன்னுதான் சொன்னாரு. ஆனா அந்தக் காகிதம் நொல்லாவ் வழியா வேனர் கைக்கு போச்சு.

மே 4 ராத்திரி பாட் ம்யுன்ஸ்டரைஃபெல்ங்கிற சின்ன ஊர்ல, தொழிற்சங்கத் தலைவர்களோட கூட்டத்துக்கு வந்த இடத்துல, பிராண்டும் வேனரும் தனியா பேசினாங்க. சாட்சி கிடையாது. நீங்க என்ன முடிவெடுத்தாலும் கூட நிப்பேன், ஆனா சீக்கிரம் முடிவெடுங்கன்னு சொன்னேன்னு வேனர் சொன்னாரு. இருங்கன்னு ஒரு வார்த்தை அவர் வாயிலேர்ந்து வரலங்கிறதுதான் பிராண்ட் மனசுல நின்னுச்சு. மறுநாள் ஷ்மிட் இதுக்கெல்லாம் யாராவது போவாங்களான்னு சத்தம் போட்டாரு, ஆனா பிராண்ட் முடிவு பண்ணிட்டாரு. மே 6ல கடிதம், அலட்சியத்துக்கு அரசியல் பொறுப்ப நானே ஏத்துக்கறேன்னு. மே 7ல எஸ்பிடி எம்பிங்க கூட்டத்துல வேனர் ரோஜாப் பூங்கொத்த பிராண்ட் முன்னாடி வச்சு, நம்ம எல்லாருக்கும் அவர் மேல அன்பு இருக்குன்னு கத்தினாரு. பக்கத்துல ஏகோன் பார் ரெண்டு கையாலயும் முகத்த பொத்திக்கிட்டு அழுதாரு. அந்தக் காட்சி கேமரால பதிவாச்சு. ராஜினாமாவுக்கு அழல, வேனரோட அந்தப் பேச்சத் தாங்க முடியலன்னு பார் பின்னாடி சொன்னாரு.

வேனர் கிழக்கு ஜெர்மனி தலைவர் ஹோனெக்கரோட சேந்து சதி பண்ணாருங்கிற கதை இணையத்துல நிறைய சுத்துது, நீங்களும் அதத்தான் எங்கயோ படிச்சிருப்பீங்க. அதுக்கு ஒரு அடிப்படை இருக்கு. கியோம் மேல சந்தேகம்னு பிராண்டுக்கு தெரிஞ்ச ரெண்டே நாள்ல, 1973 மே 31ல, வேனர் நிஜமாவே ஹோனெக்கர போய் சந்திச்சாரு. பிராண்டுக்கும் சாகுற வரைக்கும் அந்த சந்தேகம் இருந்துச்சு, அவர் எழுதி வச்ச குறிப்புங்க 1994ல வெளிவந்தப்ப பெரிய சண்டையே நடந்துச்சு. ஆனா சதிக்கு ஆதாரம்னு இதுவரைக்கும் ஒண்ணும் வரல. வேனர் போனது பிரிஞ்சு கிடந்த குடும்பங்களையும் அரசியல் கைதிகளையும் வெளிய கொண்டு வர்ற விஷயமாத்தாங்கிறது ஆவணங்களோட ஒத்துப் போகுது. வேனர் துரோகின்னு என்னால சொல்ல முடியாது. பிராண்ட் ஆட்சி ஓடாதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி, கட்சி ஆட்சில இருக்கணும்னா ஷ்மிட் வரணும்னு கணக்கு போட்ட ஆளு, அவ்வளவுதான். கட்சி கணக்குல பாத்தா அது பொய்க்கவும் இல்ல, ஷ்மிட் எட்டு வருஷம் ஓட்டினாரு.

முன்னாடி மனசுல வச்சுக்கோங்கன்னு சொன்னேனே, அது இங்கதான் வருது. பாதுகாப்புக் குறைபாடு மட்டும்னா பொறுப்பு கென்ஷருக்கும் நொல்லாவுக்கும்தான் மொதல்ல, கென்ஷர் பத்தே நாள்ல வெளியுறவு அமைச்சர் ஆயிட்டாரு. பிராண்ட உடைச்சது அந்தப் பொண்ணுங்க லிஸ்ட்டு. அம்மாவ வச்சு, பேர வச்சு, போட்ட யூனிஃபார்ம வச்சு பல வருஷம் சேறு வாங்கின மனுஷனுக்கு, இன்னொரு தடவை படுக்கையறைய நாடு முழுக்க அலசுறத நின்னு தாங்க தெம்பு இல்ல. இது என்னோட கணிப்பு, ஆவணத்துல இப்படி எழுதி இருக்காது. ஆனா கடிதத்துலயும் அப்புறம் டிவில பேசினதுலயும் தனிப்பட்ட வாழ்க்கைய வச்சு மிரட்டல் வரலாம்ங்கிற கவலைய அவரே தொட்டுத்தான் பேசினாரு. வயசான காலத்துல எழுதின நினைவுகள்ல, அந்த ராஜினாமா கட்டாயம் இல்ல, அப்ப வேற வழி இல்லாத மாதிரி தெரிஞ்சுதுன்னும் எழுதினாரு. நான் அவர் போனது சரின்னுதான் நெனைக்கிறேன், ஆனா தனியா அவர் மட்டும் போனது நியாயமில்ல.

கியோமுக்கு 1975ல 13 வருஷம் ஜெயில், பொண்டாட்டிக்கு 8, ரெண்டு பேரும் 1981ல உளவாளி பரிமாற்றத்துல கிழக்குக்கு போயிட்டாங்க. பிராண்ட் அரசியல் அதோட முடிஞ்சுதான்னும் கேட்டிருந்தீங்க, முடியல. 1987 வரைக்கும் கட்சித் தலைவர், 1976லேர்ந்து 1992 வரைக்கும் சர்வதேச சோசலிஸ்ட் அமைப்போட தலைவர், ஏழை நாடு பணக்கார நாடு இடைவெளி பத்தி 1980ல வந்த கமிஷன் அறிக்கை அவர் தலைமைல வந்ததுதான், அதுல நம்ம ரிசர்வ் வங்கி கவர்னரா இருந்த எல்.கே. ஜாவும் ஒரு உறுப்பினர். 1989 நவம்பர் 10, சுவர் திறந்த மறுநாள், பெர்லின் ஷேனபெர்க் டவுன்ஹால்ல, 1961ல மேயரா நின்னு பேசின அதே இடத்துல பேசினாரு. 1992 அக்டோபர் 8ல இறந்தாரு. இதுல நார்வே லீவ் விஷயமும் 1972 ஓட்டெடுப்பும் இன்னும் விரிவா வேணும்னா கேளுங்க, தனியா எழுதறேன்.